நைஸா நாலு வார்த்தை

மேடை மேஜைக்கு அடியில் மங்கையர்க்கரசியின் இடது கால் செருப்பைக் காணவில்லை. கழற்றிவிட்டவள் அவள்தான். புதுச் செருப்பு, சுண்டுவிரலைக் கடித்தது, மேஜை விரிப்பு தரைவரைக்கும் தொங்குகிறதே, யாருக்குத் தெரியப்போகிறது என்று இரண்டையும் உதறிவிட்டு வெறுங்காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது வலது இருக்கிறது, இடதைக் காணோம். காலால் துழாவினால் விரிப்பின் குஞ்சம் தட்டுப்படுகிறது, மைக் ஒயர் தட்டுப்படுகிறது, அப்புறம் பாலீஷ் போட்ட ஒரு ஷூ முனை, ஐயோ, அது நல்லசிவத்தின் கால், சட்டென்று இழுத்துக்கொண்டாள். சீ! பக்கத்து நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள் பாவிகள். ஆங்கிலத் துறைத் தலைவர் முனைவர் நல்லசிவம் அவர்களின் பணி ஓய்வுப் பாராட்டு விழா என்று பின்னால் பேனர் தொங்குகிறது, அதில் அவர் படம் ஆளைவிடப் பெரிசு. அவருக்கு அடுத்த மூத்தவள் துறையில் இவள்தான், அதனால் வாழ்த்துரை. கல்லூரி முதல்வர் பேசிக்கொண்டிருக்கிறார், அப்புறம் தாரணி, அப்புறம் இவள். இவள் முறை வந்ததும் எழுந்துபோய் அந்த மனுஷனை நாலு சனத்துக்கு முன்னால் கிழித்துத் தொங்கவிடப் போகிறாள். ஆனால் செருப்பில்லாமல் எப்படிப் போவது? ஒற்றைச் செருப்போடு போனால் நொண்டுவாள், எதிரே இருக்கிற பிள்ளைகள் சிரிக்கும், சிரிப்புச் சத்தம் கேட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் இவளுக்கு அழுகை வந்துவிடும். அதுதான் பயம், வேறொன்றும் இல்லை. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஓங்கும், இவளுக்கு மூக்கு ஒழுகும். எத்தனை நியாயங்கள் இப்படி மூக்கோடு ஒழுகிப் போயிருக்கின்றன! இன்றைக்கு விடக்கூடாது. இன்று சாயந்திரத்தோடு இந்த ஆள் போய்விடுவான், மகன் வீட்டுக்கு புனேயோ எங்கேயோ, இனி ஒரு மேடையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப் போவதில்லை.

பேச்சை மனப்பாடம் பண்ணியாகிவிட்டது. எழுதிக்கூட வைக்கவில்லை, எழுதினால் யார் கையிலாவது போய்விடும் என்ற பயம் அவளுக்கு ஜென்மத்துக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘நல்லசிவம் சார் ஒரு நைஸ் மனிதர்’ என்று ஆரம்பிக்க வேண்டும். உடனே கைதட்டுவார்கள். தட்டட்டும். அந்தக் கைதட்டல் அடங்கியதும், குரலை உயர்த்தாமல், ‘அந்தச் சொல்லின் முழுச் சரித்திரத்தோடும் சேர்த்துத்தான் சொல்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். அங்கேதான் ஊசி. ஏனென்றால் நைஸ் என்பது பிறந்தபோது நல்ல வார்த்தையே இல்லை. லத்தீனில் அது நெஸ்கியுஸ், ஒன்றும் தெரியாதவன். பிரெஞ்சுக்காரன் வாயில் விழுந்து மடையன் ஆயிற்று. இங்கிலாந்துக்கு வந்து அசடு என்றிருந்தது, பிறகு ஒழுக்கங்கெட்டவன் என்றிருந்தது, பிறகு கூச்சக்காரன், பிறகு எதை எடுத்தாலும் நொட்டை சொல்கிறவன், பிறகு மயிரிழை வித்தியாசம் பார்க்கிற நுணுக்கம், இத்தனை சட்டையையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கடைசியில்தான் இனியவன் என்று சிரித்துக்கொண்டு நிற்கிறது. சாமர்த்தியம்! அப்புறம் கப்பலேறி இங்கே வந்து நம் ஆட்களிடம் இன்னும் தேறியது. ஜவுளிக்கடையில் துணி நைஸா இருக்கிறது. அடுப்படியில் மாவு நைஸா அரைபடுகிறது. வேலை வந்தால் நைஸா நழுவுகிறான். காரியம் ஆகவேண்டுமென்றால் நைஸ் பண்ணுகிறான். இங்கிலீஷ்காரனுக்கே தெரியாத அர்த்தம் இதெல்லாம். ‘சொல்லின் அத்தனை அர்த்தத்துக்கும் பொருத்தமான ஒரே மனிதரை நான் பார்த்தது சாரைத்தான்’ என்று முடித்துவிட்டு, வணக்கம் போட்டுவிட்டு, வந்து உட்கார்ந்துவிட வேண்டும். மடையன், ஒழுக்கங்கெட்டவன், நழுவுகிறவன், நைஸ் பண்ணுகிறவன், எல்லாம் அவர் தலையில் ரோஜா இதழோடு சேர்ந்து விழும். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்க்கும்போதுதான் குத்தும். ராத்திரி தூக்கம் வராது. வரக்கூடாது. அவள் தூங்காமல் கிடந்த ராத்திரிகளுக்கு அவர் ஒரு ராத்திரியாவது புரண்டு படுக்கட்டும்.

முதல்வர் இருமினார். தண்ணீர் குடித்தார். “நல்லசிவம் சாருடைய கட்டுரை இல்லாமல் இந்தக் கல்லூரியின் பெயர் மைசூர்வரைக்கும் போயிருக்குமா?” என்று கேட்டார். போயிருக்காது, போயிருக்காது, ஏனென்றால் எழுதியவள் அம்மா வீட்டில் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தாள். அது மங்கையர்க்கரசி எழுதியது. அவள் கட்டுரை. நைஸ் என்ற ஒரு சொல்லின் கதை, அவள் கையெழுத்தில், இரண்டு வருஷ உழைப்பு. பிரசவ விடுப்பில் போகுமுன் சீனியர் ஆயிற்றே, ஒரு கண் பார்த்துச் சொல்லட்டும் என்று அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். “கொடுங்க மேடம், நைஸா பாலீஷ் பண்ணி வைக்கிறேன்,” என்றார். அந்த நைஸா அப்போதே காதில் விழுந்திருக்க வேண்டாமா? அத்தனை அர்த்தமும் தெரிந்தவள்தானே! குழந்தை பிறந்து நாற்பது நாள் கழிவதற்குள் மனைவியோடு பார்க்க வந்தார், கையில் மைசூர்பாக் பாக்கெட். “செமினாருக்குப் போயிருந்தேன் மேடம், அங்க இது ஃபேமஸ்.” இவள் பாயில் உட்கார்ந்தபடி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தின்றாள். நெய் மணக்கிறது சார் என்றாள். தேங்க்ஸ் சார் என்றாள். ஐயோ, தின்றாளே! அவளுடைய கட்டுரையை வாசித்துக் கைதட்டு வாங்கிவிட்டு அந்த ஊரிலேயே வாங்கி வந்த இனிப்பு. அன்றைக்கு அந்த அறையில் நெஸ்கியுஸ் யார் என்றால் அவள்தான், வேறு யார். இன்றும் கல்யாணப் பந்தியில் இலையில் மைசூர்பாக் வைத்தால் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவாள், சர்க்கரையா மேடம் என்று கேட்பார்கள், ஆமாம் என்பாள். விடுப்பு முடிந்து வந்தபோது கட்டுரை அச்சாகி நூலகத்தில் இருந்தது. அவரிடம் போய் நின்றாள், சார் இது, என்று ஆரம்பித்தாள், மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. கைக்குட்டையை நீட்டினார்! “எல்லாம் நம்ம டிபார்ட்மெண்ட் பேருக்குத்தானே மேடம். நீங்க நைஸ் டைப், தப்பா எடுத்துக்க மாட்டீங்க.” கையெழுத்துப் பிரதி அவரிடம், வேலை நிரந்தரமாகிறதற்குக் கையெழுத்து அவரிடம், அத்தாட்சி என்று துண்டுக் காகிதம் இவளிடம் இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நைஸ் டைப் ஆயிற்றே. தப்பா எடுத்துக்க மாட்டீங்க. தப்பா எடுத்துக்க மாட்டீங்க. மிக்ஸி சத்தத்திலும் பஸ் ஹாரனிலும் அதுதான் கேட்டது அவளுக்கு.

முதல்வர் இப்போது வேறு ஒன்று சொல்கிறார். என்ன? “ஆகவே அந்தக் கட்டுரையின் நினைவாக, நல்லசிவம் சொல்லாய்வுப் பரிசு என்று ஆண்டுதோறும்...” கைதட்டல். பரிசா? ஆண்டுதோறுமா? இவளிடம் யாரும் சொல்லவில்லையே. அவளுடைய சொல் அவர் பெயரில் வருஷா வருஷம் மேடையேறும், இவள் ரிட்டயர் ஆன பிறகும், செத்த பிறகும். விழா மலரிலும் அந்தக் கட்டுரையை மறுபடி போட்டிருக்கிறார்களாம், எல்லார் மடியிலும் ஒன்று கிடக்கிறது, பாதிப்பேர் விசிறிக்கொள்கிறார்கள். மங்கையர்க்கரசி தன் பிரதியைத் திறந்தாள். திறக்காமல் இருந்திருக்கலாம். விரல் தானாகவே அந்தப் பக்கத்துக்குப் போயிற்று, நாக்கு சொத்தைப் பல்லுக்குப் போகிற மாதிரி. அடை. அடை சமாசாரம்! திருடினதைக்கூட ஒரு பிறவிக்கு மன்னித்துத் தொலைக்கலாம், இதை எப்படி மன்னிப்பது? அவளுடைய மாமியார் அடைக்கு அரைக்கச் சொன்னாள் ஒரு நாள். புதுசாக வந்த கிரைண்டர், இவள் கையில் விடைத்தாள் கட்டு, திருத்திக்கொண்டே மறந்துவிட்டாள், பருப்பும் அரிசியும் வெண்ணெயாகிவிட்டது. மாமியார் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “நைஸா அரைச்சுட்டியேம்மா,” என்றாள். வசவு! அந்தக் குரலில் கேட்டால்தான் தெரியும் அது எப்பேர்ப்பட்ட வசவு என்று. அடைக்குக் கொரகொரப்பாக அல்லவா அரைக்க வேண்டும், கரகரவென்று பல்லில் படவேண்டாமா? இவளோ திட்டு வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே, அட, என்று நின்றுவிட்டாள். வசவாகப் பிறந்து, ஊரெல்லாம் சுற்றி நல்ல பேர் வாங்கின வார்த்தை, உறையூரில் ஓர் அடுக்களையில் மறுபடி வசவாகிவிட்டதே! கட்டுரையே அங்கேதான் பிறந்தது, அதன் உயிரே அந்த ஒரு வாக்கியம்தான். அந்த மகானுபாவன் என்ன பண்ணினான்? அரைக்கிற கல்லைக் கண்ணால் கண்டிராத ஜென்மம், நைஸ் என்றால் நல்லதுதானே, மேடம் கைதவறி எழுதிவிட்டாள் என்று நினைத்து, மாமியார் மருமகளை மெச்சினாள் என்று திருத்திவிட்டான்! ‘அடைக்கு மாவு நைஸாக அரைபட வேண்டும், அப்படி அரைத்த மருமகளை மாமியார் பாராட்டுகிறாள்.’ அச்சில் இருக்கிறது. மறுபடியும் அச்சில் இருக்கிறது. திருடத்தான் திருடினாயே, ஒழுங்காகத் திருடக்கூடாதா? அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதும் இல்லாமல் காலை ஒடித்தல்லவா நடக்கவிட்டிருக்கிறான்.

தாரணி மைக்குக்குப் போய்விட்டாள். போன வருஷம் சேர்ந்த பெண், துறையிலேயே இளையவள், பட்டுப்புடவை சரசரக்கிறது. “சார் ரொம்ப ரொம்ப நைஸ்,” என்றாள் எடுத்த எடுப்பில், கூட்டம் கைதட்டிற்று. மங்கையர்க்கரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வாக்கியம்! முதல் வாக்கியமே போச்சு. இவளும் அதையே சொன்னால் இரண்டாவது ஆள் சொன்னதாகத்தான் ஆகும். “நைஸ்னா அவ்வளவு நைஸ். கோபமே வராது. யார் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கிப் பார்ப்பாங்க. இப்பக்கூட என் கட்டுரை சார்கிட்டதான் இருக்கு, ரிட்டயர் ஆனாலும் பாலீஷ் பண்ணி அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க!” நல்லசிவம் அடக்கமாகத் தலையை ஆட்டினார். பாலீஷ். அதே பாலீஷ். அடப்பாவி, கடைசி நாள் வரைக்குமா? அந்தப் பெண்ணுக்காகத்தான் மங்கையர்க்கரசி மேடையில் அப்படிப் பேசினாள் என்று பிறகு சிலபேர் பெருமையாகச் சொன்னார்கள். நம்ப வேண்டாம். தாரணி ஒரு நொடி மனசில் வந்துபோனாள், அவ்வளவுதான். தனக்காகத்தான், தின்ற மைசூர்பாக்குக்காகத்தான், ஒடிந்த அடைக்காகத்தான் அவளுக்கு அப்படி எரிந்தது. ஆனால் ஒன்று, தாரணி பேசியபோது கூட்டத்தை முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். கெமிஸ்ட்ரிக்காரர் தூங்குகிறார். கணக்கு டிபார்ட்மெண்ட் போன் பார்க்கிறது. பிள்ளைகளுக்கு மூக்கெல்லாம் பின்னால் கேண்டீனில் பொரிகிற போண்டாமேல். முதல் வரிசையில் நல்லசிவத்தின் மனைவி, அன்றைக்கு மைசூர்பாக்கோடு வந்த அதே அம்மாள், வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டு. இவர்களிடம் போய் லத்தீன், பிரெஞ்சு, மயிரிழை வித்தியாசம் என்றால்? ஆகா என்ன ஆராய்ச்சி, சாரைப் போலவே மேடமும் பேசுகிறார் என்பார்கள். அவரும் எழுந்து கும்பிடுவார். கண்கலங்கினாலும் கலங்குவார்! ஊசி என்று நினைத்தாளே, அது யார் தோலிலும் ஏறாது. மாமியார் அன்றைக்கு மாவைத் தொட்டுவிட்டு இன்னொன்றும் சொன்னாள், கட்டுரையில் எழுத மனசு வராமல் விட்டது: “உன் பேச்சும் இந்த மாவும் ஒண்ணும்மா. யார் பல்லுலயும் படாது.” அப்போது சுருக்கென்றது. இப்போது வியர்த்தது. இத்தனை வருஷம் அரைத்து அரைத்து, இதையும் நைஸாக அரைத்துவிட்டாளா?

நல்லசிவம் இவள் பக்கம் சாய்ந்தார். சந்தனமும் பவுடரும் கலந்த வாசனை. போர்த்திய பொன்னாடை நழுவிற்று, நைஸ் துணி, தோளில் நிற்கவில்லை, இழுத்துவிட்டுக்கொண்டார். “அடுத்தது நீங்கதானே மேடம். என்னைப் பத்தி நைஸா நாலு வார்த்தை சொல்லிடுங்க.” சிரித்தார். “பழசெல்லாம் ஒண்ணும் மனசுல வச்சுக்க மாட்டீங்க. நீங்க நைஸ் டைப்.” தெரிந்திருக்கிறது! மறக்கவில்லை! இத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருக்கிறான், அதை இப்போது எடுத்து ஒரு தடவை தடவிக்கொடுக்கிறான். மங்கையர்க்கரசிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மூக்கின் நுனியில் அந்தப் பழைய நமநமப்பு ஆரம்பித்தது. வேண்டாம், இப்போது வேண்டாம். “வாழ்த்துரை வழங்க, நமது மங்கையர்க்கரசி மேடம் அவர்களை...” காலால் கடைசியாக ஒரு தடவை துழாவினாள். இல்லை. சனியன், எக்கேடும் கெடட்டும் என்று வலது செருப்பையும் உதறிவிட்டு வெறுங்காலோடு எழுந்தாள். மேடைப் பலகை சில்லென்று இருந்தது, ஒரு ஆணி உறுத்திற்று, யாரும் சிரிக்கவில்லை, யாருமே பார்க்கவில்லை. மைக் அவள் உயரத்துக்கு இல்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மனப்பாடம் பண்ணினது முழுக்க வாயருகே வந்து வரிசையில் நின்றது, நெஸ்கியுஸ் முதற்கொண்டு. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“சார், வாழ்த்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. அடைக்கு மாவு எப்படி அரைக்கணும்?”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. தூங்கிக்கொண்டிருந்த கெமிஸ்ட்ரிக்காரர்கூட முழித்துக்கொண்டார். நல்லசிவத்துக்கு ஒரே குஷி, மேஜை மைக்கை இழுத்துக்கொண்டு, “நைஸா அரைக்கணும் மேடம்! மலர்லயே இருக்கே, நம்ம கட்டுரையில!” என்றார்.

முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மைக்கே தேவைப்படாத குரல். “அய்யய்ய, அடைக்கு யாராச்சும் நைஸா அரைப்பாங்களா? கொரகொரப்பால்ல அரைக்கணும்! இவருக்கு என்ன தெரியும்,” என்றாள் நல்லசிவத்தின் மனைவி, பக்கத்தில் இருந்தவளிடம் சொல்கிற மாதிரி, ஊருக்கே கேட்கும்படி. லெக்சரர் அம்மாக்கள் வரிசை முழுக்கக் குலுங்கிச் சிரித்தது. பாவம் அந்த அம்மாள், எதற்குச் சாட்சி சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லிவிட்டுத் தானும் சிரித்தாள். சிரிப்பு அடங்குகிறவரைக்கும் மங்கையர்க்கரசி காத்திருந்தாள். அழுகை வந்துவிட்டது. மூக்கும் ஒழுகிற்று. ஒழுகட்டும் என்று விட்டுவிட்டு, துடைக்காமல் பேசினாள்.

“அம்மா சொன்னது சரி. கொரகொரப்பாதான். அப்படித்தான் நானும் எழுதியிருந்தேன். அந்த மாவை அரைச்சது நான், திட்டு வாங்கினது நான், கட்டுரை எழுதினதும் நான். பிள்ளை பெறப் போறப்ப சார்கிட்ட படிக்கக் கொடுத்துட்டுப் போனேன். சார் அதைத் திருடி மைசூர்ல தன் பேர்ல வாசிச்சாங்க. திருடினவங்களுக்கு அடை தெரியல, அதனால மாத்திட்டாங்க.”

போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். எங்கோ மலரின் தாள் புரளுகிற சத்தம், அப்புறம் இன்னொன்று, அப்புறம் வரிசை வரிசையாக, எல்லாரும் அந்தப் பக்கத்தைத் தேடுகிறார்கள். தாரணி வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லசிவத்தின் மனைவியின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது, அதைப் பார்க்க மட்டும் மங்கையர்க்கரசிக்குப் பிடிக்கவில்லை, பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நல்லசிவம் எழுந்துவிட்டார். பொன்னாடை நழுவிக் காலடியில் விழுந்தது. இரண்டு கையையும் கூட்டத்தைப் பார்த்து விரித்துக்கொண்டு, அதே சிரிப்பு, இத்தனை வருஷமும் எல்லாவற்றையும் வழுவழுவென்று மெழுகிவிட்ட அதே சிரிப்பு. “மேடம் எப்பவும் இப்படித்தான், நல்லா ஜோக் அடிப்பாங்க, ரொம்ப நைஸ்...” என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் ஒன்றிரண்டு பேர், அப்படித்தானோ என்று, சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஜோக் இல்ல சார்,” என்றாள் மங்கையர்க்கரசி. “நான் இன்னும் முடிக்கல. உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார்.